பழைய பொதியும் புதிய பொதியும்

ஈய எழுத்துகளை வரிவரியாகக் கோத்த கைகளின் பணியை இன்று கணினி ஆற்றுகின்றது. அப்பணிக்குரிய மென்பொருள்களுள் புகழ்பெற்றது, அறிஞர் டொனால்ட் க்னூத் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட டெக் ஆகும். அதனையும் அதன் துணைக்கருவிகளையும் ஒருங்கே திரட்டித் தருவது டெக் லைவ் என்னும் தொகுப்பு. ஆண்டுதோறும் இதன் புதிய பதிப்பு வெளிவருகின்றது.

லினக்ஸ் இயங்குதளத்தை வழங்கும் அமைப்புகளுள் ஒன்றாகிய டெபியனோ, தன் பதிப்பை வெளியிடச் சில திங்கள்களுக்கு முன்னரே மென்பொருட் பொதிகளை மாற்றாது நிறுத்திவிடும். ஆதலால், 2023 யூனில் வெளிவந்த அதன் 12ஆம் பதிப்பு, 2022ஆம் ஆண்டின் டெக் லைவையே தாங்கி வந்தது. இன்று கோத்த பக்கம் நாளையும் பிசகின்றி அமைதல் வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

ஆயின், புதிய வசதியை நாடுவோர் என் செய்வது? பழைய பொதியை அகற்றுதல் தகாது. அதனைச் சார்ந்த பிற பொதிகளும் உடன் நீங்கக்கூடும். டெக் லைவின் மூலவெளியீட்டைப் பெற்று, தனியொரு கோப்புறையில் நிறுவி, கணினி கட்டளைகளைத் தேடும் பாதையில் அதனை முன்வைத்தலே தக்க முறை. பாதையை மீளவும் மாற்றினால் பழையது முன்போலப் பணிபுரியும். புதுக்கிணற்றில் நீர் ஊறுமுன் பழங்கிணற்றைத் தூர்ப்பவர் உளரோ?