ஊசிக்கு ஏன் இந்தப் பயம்?

"இனி இன்சுலின்தான்" என்று வைத்தியர் சொன்னதும் எம்மவர் பலருக்கு முகம் கறுத்துவிடும். ஊசி தொடங்கினால் ஆள் முடிந்தது என்ற ஊர்க்கதை எம்மோடு கடல் கடந்து வந்திருக்கிறது.

இதே ரொறன்ரோவில், 1922 ஜனவரியில், லெனாட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவன் நீரிழிவால் சாகக் கிடந்தான். நிறை 65 இறாத்தல். அந்நாளில் பட்டினி போடுவதே வைத்தியம்! 11ஆம் திகதி ஏற்றிய முதல் ஊசி சரிவரவில்லை. மருந்தைச் சுத்திகரித்து 23ஆம் திகதி மீண்டும் ஏற்றினார்கள். சீனி இறங்கியது. மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

அவனுடையது முதலாம் வகை. எம்மவரிடம் அதிகம் காண்பது இரண்டாம் வகை. தெற்காசியருக்கு அது இளவயதிலேயே, பெரிதாக உடல் பருக்காமலே வந்துவிடுகிறது. இரவு வேலை, வீட்டுக் கடன் என்று நாமோ இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறோம். காலப்போக்கில் குளிசை போதாமற் போவது நோயாளியின் குற்றமன்று. கணையம் களைத்துப்போகிறது. பாகற்காய்ச் சாறு அதற்கு ஈடாகாது (மாமிமார் கோபித்தாலும் சொல்லத்தான் வேண்டும்). கட்டுப்படாத சீனி கண்ணையும் சிறுநீரகத்தையும் சத்தமின்றி அரிக்கும். கால் விறைத்து, புண் ஆறாதிருந்தால் அடுத்த தவணைவரை காத்திராமல் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.