மேடை பயம் வேற, இங்கிலீஷ் பயம் வேற

தர்மபுரி பக்கம் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவுக்கு ஒரு நினைவு மண்டபம் இருக்கு. 1908-ல் தூத்துக்குடியில் வ.உ.சி.யோடு மேடையேறி, கோரல் மில் தொழிலாளர்களைப் போராட்டத்துக்குத் திரட்டியவர். அந்தப் பேச்சுக்காகவே ராஜதுரோக வழக்கு, சிறை. தொழுநோயோடு வெளியே வந்தும் ஊர் ஊராகப் பேசினார். 1925-ல் பாப்பாரப்பட்டியில் காலமானார். ஜனங்களை எழுப்பியது அவரோட தமிழ்.

இதை ஏன் சொல்றேன்? இன்டர்வியூவில் வாய் அடைச்சா, "எனக்கு இங்கிலீஷ் வராது"ன்னு முடிவு கட்டிடறோம். உண்மையில் அங்கே இருப்பது ரெண்டு பயம்: நாலு பேர் முன்னாடி பேசுறது ஒண்ணு, இங்கிலீஷ் இன்னொண்ணு. தனித்தனியா பழகுங்க.

முதலில் உங்க ப்ராஜெக்ட்டை மூணு பாயின்ட்டாக, நின்னுக்கிட்டு, ஒரு நண்பரிடம் தமிழில் சொல்லுங்க. இதிலேயே தடுமாறினா, சிக்கல் இங்கிலீஷ் இல்லை. விஷயம் இன்னும் தெளிவாகலை.

அப்புறம் அதையே இங்கிலீஷில். மொழி கற்பித்தல் ஆய்வாளர் பால் நேஷன் பரப்பிய '4/3/2' பயிற்சி இதுக்கு நல்லா உதவும். ஒருத்தரிடம் 4 நிமிஷம், அடுத்தவரிடம் அதையே 3 நிமிஷம், மூணாவது ஆளிடம் 2 நிமிஷம். எழுதி வெச்சுப் படிக்கக் கூடாது. கேட்கிறவர் நடுவில் திருத்தவும் கூடாது.

என்ன சொல்றதுங்கிற யோசனை முதல் சுற்றிலேயே முடிஞ்சிடும். அடுத்தடுத்த சுற்றில் கவனம் முழுக்க வாக்கியத்துக்குப் போகும்; தயக்கம் குறையும். மூணு பேர், ஒன்பது நிமிஷம். இன்னைக்கு ஹாஸ்டல் மொட்டைமாடியிலேயே ஆரம்பிக்கலாம்.