குழந்தைகளின் கண்ணழுத்த நோயும் சத்திரசிகிச்சையும்

குளுக்கோமா எனப்படும் கண்ணழுத்த நோய் முதியோருக்குரியது என்றே பெரும்பாலும் கருதப்படுகின்றது. ஆயின் அந்நோய்க்கான குறைபாட்டுடனேயே பிறக்கும் குழந்தைகளும் உளர். முதியோருக்குப் பெரும்பாலும் சொட்டு மருந்தே முதற் சிகிச்சையாகின்றது. குழந்தைக்கோ சத்திரசிகிச்சையே முதற் சிகிச்சை. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிந்துகொண்டாலன்றி, தாமதம் ஏன் இந்நோயில் இத்துணைக் கொடியது என்பது விளங்காது.

கண்ணின் முற்பகுதியில் நீர்மயவுடனீர் இடைவிடாது சுரந்துகொண்டும் வடிந்துகொண்டும் இருக்கின்றது. விழிவெண்படலமும் கதிராளியும் சந்திக்கும் கோணத்திற் சல்லடை போன்றதோர் இழையம் உண்டு. அதனூடாகச் சிலெம் கால்வாயை அடைந்து குருதியிற் கலப்பதே அந்நீரின் பிரதான வடிகால் வழி. பிறவிக் கண்ணழுத்த நோயில், கருவிலிருக்கும்போதே இவ்விழையம் செவ்வனே விருத்தியடையாது போகின்றது. மருந்து சுரப்பைச் சிறிது குறைக்கலாம். அமையாத வழியை அது அமைத்துத் தராது. அன்றியும் முதியோர்க்குப் பயன்படும் பிரிமோனிடின் போன்ற மருந்து, பச்சிளங் குழந்தையின் மூச்சையே தடைசெய்யக்கூடியது.

குழந்தையின் கட்சுவர் நெகிழ்ச்சியுடையது. ஆதலின் அழுத்தம் உயரும்போது கண் முழுவதுமே பெருக்கின்றது. பிறந்த குழந்தையின் விழிவெண்படலம் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் விட்டமுடையது. முதலாண்டில் அது 12 மில்லிமீற்றரைத் தாண்டுமாயின் ஐயுறல் வேண்டும். இதற்கு வழங்கும் கிரேக்கமொழிப் பெயர் இதனை எருதின் கண்ணுக்கு ஒப்பிடுகின்றது. நாமோ பெரிய விழியை அழகெனப் போற்றும் மரபினர். பாராட்டப்படும் விழி நோயுற்ற விழியாகவும் இருக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதேயில்லை. கண்ணீர் வடிதல், ஒளியைக் கண்டு முகந்திருப்புதல், இமைகளை இறுக மூடுதல் என்பன ஏனைய அறிகுறிகள். கண்ணீர் வடிவதைக் கண்ணீர்க் குழாயடைப்பு எனக் கொண்டு மாதக்கணக்கில் வாளாவிருப்பதும் உண்டு. குழாயடைப்பில் ஒளிக்கு அஞ்சுதலும் கண் பெருத்தலும் இரா. காலம் செல்லச்செல்ல விழிவெண்படலத்தின் உட்படை கிழிந்து நீர் புகுந்து விழி மங்கும். பார்வை நரம்பும் சிதையும். சிதைந்த நரம்பு மீள்வதில்லை.

இக்கோணத்தை வெட்டித் திறக்கும் முயற்சியை 1893இல் நேப்பிள்ஸ் நகரின் கார்லோ டி வின்சென்டிஸ் மேற்கொண்டார். எனினும் அவரது கத்தி செல்லுமிடம் கண்ணுக்குப் புலப்படவில்லை. சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஒற்றோ பார்க்கன், விழியின்மீது தொடுவில்லை ஒன்றை வைத்துக் கோணத்தை நேரிற் கண்டவாறே வெட்டினார். குழந்தைகளில் அவர் கண்ட பயன் 1942இல் வெளியாயிற்று. அதுவரை ஏறக்குறைய நம்பிக்கையற்றிருந்த நோய் அதன்பின் சிகிச்சைக்குரியதாயிற்று. கோணத்தை மெல்லியதொரு சவ்வு மூடியிருப்பதாகவும், அதனையே தாம் வெட்டுவதாகவும் பார்க்கன் கருதினார். 1981இல் டக்ளஸ் அன்டர்சன் வெளியிட்ட நுணுக்குக்காட்டி ஆய்வு அத்தகைய சவ்வு எதனையும் காணவில்லை. தடித்து நெருங்கிய இழையமே தடையென்று அது கொண்டது. விளக்கம் பிழைத்தது, சத்திரசிகிச்சை நிலைத்தது. மருத்துவ வரலாற்றில் இஃது அரிதன்று என்பினும், செயல் கோட்பாட்டை முந்திச் செல்வதற்கு இதனினும் தெளிவான சான்று காண்டல் எளிதன்று.

பார்க்கனின் முறைக்குத் தெளிந்த விழி வேண்டும். விழி மங்கியிருப்பின், வெளிப்புறமாகச் சிலெம் கால்வாயைத் தேடி, அதனுள் நுண்கருவியைச் செலுத்தி, உட்புறமாகத் திருப்பி இழையத்தைக் கிழிக்கலாம். இதற்கான வழியை 1960இல் ஹேர்மன் பூரியனும் ரெட்மண்ட் சிமித்தும் தனித்தனியே காட்டினர். இந்தியாவில் மங்கிய விழியுடன் தாமதித்து வரும் குழந்தைகள் மிகுதி. ஆகவே ஐதராபாத்தின் எல். வி. பிரசாத் கண் நிலையம் போன்றவற்றில், இம்முறையுடன் புதிய வடிகால் ஒன்றமைக்கும் முறையையும் ஒருசேரச் செய்யும் வழக்கம் வளர்ந்தது. மூன்று மாதத்துக்கும் ஓராண்டுக்குமிடையே வெளிப்படும் நோயில், ஒன்றிரண்டு சத்திரசிகிச்சைகளால் பத்தில் எட்டுக் கண்களளவில் அழுத்தம் கட்டுப்படுகின்றது. பிறக்கும்போதே விழி மங்கியிருந்தால் வெற்றி குறைவு.

சி.வை.பி.1பி1 என்னும் பரம்பரையலகின் பிறழ்வு இந்நோய்க்குக் காரணமாதல் 1997இல் அறியப்பட்டது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பிறழ்வு வந்தாலே நோய் தோன்றும். மேலைநாடுகளில் ஏறத்தாழ 10,000 பிறப்புகளுக்கு ஒன்றெனக் கணிக்கப்படும் நோய், ஆந்திரப் பிரதேசத்தில் 3,300க்கு ஒன்றெனக் கணிக்கப்பட்டுள்ளது. நெருங்கிய உறவில் மணஞ்செய்தல் இதற்கு ஏதுவாகும். மச்சான் மச்சாள் மணம் வழங்கும் நம் சமூகமும் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். இது பெற்றோரைக் குற்றஞ்சாட்டுவதற்கன்று. ஒரு குழந்தைக்கு இந்நோய் இருப்பின், அடுத்த குழந்தையின் கண்ணைப் பிறந்தவுடனேயே பரிசோதிப்பித்தற்கே.

சத்திரசிகிச்சையோடு கடமை முடிவதில்லை. குழந்தையின் அழுத்தத்தை மயக்கமருந்து கொடுத்தே பலகாலும் அளக்கவேண்டியிருக்கும். கண்ணாடி அணிவித்தலும், வலிய கண்ணை மறைத்து மெலிந்த கண்ணைப் பயிற்றுதலும் ஆண்டுக்கணக்கில் தொடரவேண்டும். இல்லையேல் அழுத்தம் தணிந்தும் பார்வை வளராது. சத்திரசிகிச்சை இலவசமாகவே கிடைப்பினும், நாட்கூலியை இழந்து, பேருந்துச் செலவையும் தேடிக்கொண்டு, பலமுறை நகரத்து வைத்தியசாலைக்கு வரவேண்டிய தாய் எத்தனையாவது தவணையில் நின்றுவிடுகின்றாள் என்பதிலேயே பல குழந்தைகளின் பார்வை தங்கியுள்ளது.