வலது கையில் இருக்கும் பிரேக்

"முன்பிரேக்கைத் தொட்டுடாதம்மா, தூக்கி அடிச்சிடும்."

தமிழ்நாட்டில் ஸ்கூட்டர் ஓட்டப் பழகிய பெண்களில் இதைக் கேட்காதவர்கள் அபூர்வம். அப்பா சொல்லியிருப்பார், இல்லையென்றால் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்த அண்ணன் சொல்லியிருப்பான். பையன்களுக்கும் இதே பாடம்தான். பைக்கில் வலது காலால் மிதி, வலது கையைத் தொடாதே என்று சொல்லித் தருவார்கள். அக்கறையோடு சொன்னதுதான், சந்தேகமில்லை. ஆனால் தினமும் வேலைக்கு இருசக்கர வாகனத்தில் போய்வரும் லட்சக்கணக்கானவர்களின் கையில் ஊறிப்போன இந்தப் பயம், வண்டி நிற்கும் தூரத்தை இரண்டு மடங்குக்கு மேல் நீட்டிவிடுகிறது. இது பள்ளிக்கூட இயற்பியலில் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய விஷயம்.

ஸ்கூட்டர் 110 கிலோ, ஓட்டுபவர் 70 கிலோ, ஆக மொத்தம் 180 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வண்டி சீராகப் போகும்போது இதில் ஏறத்தாழ 40 சதவீதம் முன்சக்கரத்தின் மேலும் 60 சதவீதம் பின்சக்கரத்தின் மேலும் இறங்கும். பெட்ரோல் பங்கில் பின்டயருக்கு 29 வைக்கச் சொல்கிறோமே, அது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோ அழுத்தம். பின்சக்கரம் தாங்குவது 108 கிலோ. அப்படியானால் அந்த டயர் சாலையைத் தொடும் பரப்பு 54 சதுர சென்டிமீட்டர்தான். முன்டயரில் காற்று குறைவு, சுமையும் குறைவு. அங்கேயும் பரப்பு கிட்டத்தட்ட இதேதான். விரல்களை மடக்கிவிட்டு உள்ளங்கையை மட்டும் பாருங்கள், அதைவிடச் சிறியது. வண்டியை நிறுத்துவது, திருப்புவது, விழாமல் காப்பது எல்லாமே இந்த இரண்டு சிறு திட்டுகளின் வேலை.

பிரேக் பிடித்தவுடன் இந்த 40-60 கணக்கு மாறிவிடுகிறது. டயர் தரைமட்டத்தில் வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. நம் உடம்பும் வண்டியின் பெரும்பகுதியும் அதற்கு மேலே, சுமார் 65 சென்டிமீட்டர் உயரத்தில், முன்னோக்கியே போகப் பார்க்கின்றன. அதனால் சுமை முன்பக்கம் சாய்கிறது. நன்றாக அழுத்திப் பிடித்தால் முன்சக்கரத்தின் பங்கு 70 சதவீதத்தைத் தாண்டிவிடும், பின்சக்கரத்துக்கு 30 கூட மிஞ்சாது. டயரின் பிடிமானம் அதன் மேல் எவ்வளவு எடை அழுத்துகிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே வண்டியை நிறுத்தும் சக்தி முன்சக்கரத்துக்குப் போய்விட்ட அதே நொடியில், நாம் காலியாகிப்போன பின்சக்கரத்தைப் பிடித்து இறுக்கிக்கொண்டிருக்கிறோம்.

காய்ந்த தார்ச்சாலையில் டயரின் பிடிமானம் அதை அழுத்தும் எடையில் 70 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளலாம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் நம் ஸ்கூட்டர், இரண்டு பிரேக்கையும் முழுத் திறனோடு பயன்படுத்தினால் 9 மீட்டரில் நிற்கும். பின்பிரேக் மட்டும் என்றால் 20 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் இது 20 மீட்டர், 46 மீட்டர். இதையே இன்னொரு விதமாகச் சொன்னால்தான் எனக்குப் பகீரென்கிறது: 40 கி.மீ. வேகத்தில் இருவர் ஒரே இடத்தில் பிரேக் பிடிக்கிறார்கள். இரண்டு பிரேக்கையும் பிடித்தவர் 9 மீட்டரில் நின்றுவிட்டார். பின்பிரேக்கை மட்டும் பிடித்தவர் அதே 9 மீட்டரில் இன்னும் 30 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறார். முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ சட்டென்று நின்றிருந்தால் அந்த வேகத்தில்தான் போய் மோதுவார்.

9 மீட்டர் என்பது அச்சுப் பிசகாத பிரேக்கிங். பழகியவர்கூட 11, 12 மீட்டர் எடுத்துக்கொள்ளலாம். அப்படியிருந்தும் 20 எங்கே, 12 எங்கே!

இதை வண்டி தயாரிப்பவர்கள் நம்மிடம் ஒளிக்கவில்லை. ஒரே ஒரு டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் அது எந்தச் சக்கரத்தில் இருக்கிறது என்று தெருவில் நிற்கும் பைக்குகளைப் பாருங்கள்: முன்சக்கரத்தில். ஒரு சக்கரத்துக்கு மட்டும் ஏ.பி.எஸ். கொடுத்தாலும் அதுவும் முன்சக்கரத்துக்கே. ஸ்கூட்டரோ பைக்கோ, முன்பிரேக் நம் வலது கையில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளைச் சம்பவ இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டது. இருசக்கர வாகனப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் திரும்பத் திரும்பப் பார்க்கும் அறிக்கை அது. ஆபத்தைக் கண்டது முதல் மோதல் வரை ஓட்டுபவருக்குக் கிடைத்த நேரம், பெரும்பாலும் 2 நொடிக்கும் குறைவு. அந்த 2 நொடியில் அவர்கள் செய்தது என்ன? பின்சக்கரத்தை அளவுக்கு மீறி அழுத்திச் சறுக்கவிட்டார்கள். முன்பிரேக்கைப் போதுமான அளவு பயன்படுத்தவில்லை. நம் ஊர் அப்பாக்களின் அறிவுரையைக் கேட்காமலேயே அங்கும் அதே தவறு. வலது காலும் வலது கையும் சொல்பேச்சுக் கேட்க வேண்டுமென்றால் முன்கூட்டிப் பழகியிருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் 'தூக்கி அடிச்சிடும்' என்பது எங்கிருந்து வந்தது? சைக்கிளிலிருந்து வந்திருக்கும் என்பது என் கணிப்பு. வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய தலைமுறைக்கு அது நேரில் பட்ட உண்மை. சைக்கிளில் எடையெல்லாம் நம் உடம்புதான்; எடையின் மையம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேலே, முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து 60 சென்டிமீட்டர்தான் பின்னால். நம் எடையில் 55 சதவீத அளவுக்குப் பிரேக் விசை வந்தாலே பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். காய்ந்த சாலையின் பிடிமானம் 70 என்பதால் அந்த விசை எளிதில் கிடைத்துவிடும், ஆள் குப்புற விழுவார். ஸ்கூட்டரில் எஞ்சினும் பெட்ரோல் டேங்கும் தாழ்வாகவும் பின்னாலும் இருக்கின்றன. அதைத் தலைகுப்புறக் கவிழ்க்க மொத்த எடையைவிடக் கூடுதலான விசை வேண்டும். சமதளச் சாலையில் நம் டயருக்கு அவ்வளவு பிடிமானம் கிடையாது. நல்ல டயரும் உயரமான உடலும் கொண்ட பெரிய பைக்குகளில் பின்சக்கரத்தைத் தூக்கிக் காட்டுகிறார்கள், உண்மைதான். வேலைக்குப் போகும் 110 சிசி ஸ்கூட்டரின் கதை அதுவல்ல.

ஆனால் முன்பிரேக்கால் விழுந்தவர்கள் இருக்கிறார்களே? இருக்கிறார்கள். அவர்களை வண்டி தூக்கி அடிக்கவில்லை, முன்சக்கரம் வழுக்கி வண்டி பக்கவாட்டில் சரிந்திருக்கும். இரண்டு சக்கரத்தில் நாம் விழாமல் போவதன் சூட்சுமம், வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஹேண்டிலை நுண்ணளவில் திருப்பிக்கொண்டே இருப்பது. சுழலும் சக்கரத்தின் கைரோஸ்கோப் விளைவுதான் நம்மைத் தாங்குகிறது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அதை நீக்கிவிட்டும் தானாகவே நிமிர்ந்து ஓடும் ஒரு சைக்கிளை ஆண்டி ருய்னா, ஆரென்ட் ஷ்வாப் உள்ளிட்ட அமெரிக்க, நெதர்லாந்து ஆய்வாளர்கள் செய்து காட்டி, 2011இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். சாயும் பக்கம் திரும்புவதே உயிர்நாடி என்பது அதில் இன்னும் தெளிவானது. முன்சக்கரம் உருண்டுகொண்டிருந்தால்தான் அந்தத் திருப்பலுக்குப் பலன். லாக் ஆகி வழுக்கும் சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி கேட்காது. ஒரு நொடிக்குள் தரையில் கிடப்போம். பின்சக்கரம் லாக் ஆனால் வால் ஆடும், பெரும்பாலும் சமாளிக்கலாம். பெரியவர்களின் பயத்தில் உள்ள உண்மை இதுதான்.

முன்சக்கரம் ஏன் லாக் ஆகிறது? பல நேரம், பதறி வெடுக்கென்று பிடிப்பதால். சுமை முன்பக்கம் வந்து சேர அரை நொடி போல வேண்டும். அதற்கு முன்பே முழு பலத்தையும் கொடுத்தால், இன்னும் 40 சதவீத எடையோடு நிற்கும் டயரால் அதைத் தாங்க முடியாது. முதலில் லேசாகப் பிடித்து, முன்பக்க ஷாக் அப்சார்பர் அமுங்குவதை உணர்ந்து, பிறகு இறுக்கிக்கொண்டே போனால் அதே டயர் இரண்டு மடங்கு விசையைத் தாங்கும். எடை கூடக்கூடத் தரையைத் தொடும் பரப்பும் விரிகிறது.

இன்னொரு காரணம் திருப்பம். டயரின் பிடிமானம் மாதச் சம்பளம் போன்றது. வாடகைக்குக் கொடுத்ததை மளிகைக்குக் கொடுக்க முடியாது. சென்னை கத்திப்பாரா மேம்பாலத்தின் வளைவில் சாய்ந்து இறங்கும்போது பிடிமானத்தில் பெரும்பகுதி வண்டியைத் திருப்புவதற்கே செலவாகிவிடுகிறது. அங்கே முன்பிரேக்கை அழுத்தினால் வழுக்கும். வேகத்தை வளைவுக்கு முன்பே, வண்டி நேராக நிற்கும்போதே குறைத்துக்கொள்ள வேண்டும். பள்ளத்துக்கும் இதே விதி: பள்ளத்தில் இறங்கும் நொடியில் பிரேக்கை விட்டுவிட வேண்டும், ஏனென்றால் பிரேக்கால் ஏற்கெனவே அமுங்கிய ஷாக் அப்சார்பருக்கு அதிர்ச்சியை வாங்க இடம் இருக்காது. அதிலும் ஸ்கூட்டரின் 10 அங்குலச் சக்கரம், 30 சென்டிமீட்டர் அகலப் பள்ளத்தில் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறங்கும். பைக்கின் 18 அங்குலச் சக்கரம் இறங்குவது 4 சென்டிமீட்டர்.

மழை வந்தால் எல்லா எண்களும் மாறும். பிடிமானம் 40 சதவீதமாகக் குறைந்தால் 40 கி.மீ. வேகத்தில் இரண்டு பிரேக்குக்கு 16 மீட்டர், பின்பிரேக் மட்டும் என்றால் 32 மீட்டர். ஈரத்திலும் முன்பிரேக் தேவை என்பதை இந்த எண்களே சொல்கின்றன. கை மட்டும் இன்னும் மென்மையாக இருக்க வேண்டும். மாதக்கணக்கில் காய்ந்த சாலையில் முதல் மழை விழும் அரைமணி நேரம்தான் மிக மோசம். எண்ணெய்க் கசிவும் டயர்த் தூளும் மண்ணும் கரைந்து வழுக்குப் படலமாகிவிடும். நன்றாகக் கொட்டித் தீர்த்தபின் சாலை ஓரளவு தேறிவிடும். வெள்ளைக் கோடுகளும், மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளால் ஓ.எம்.ஆர்., ஆற்காடு சாலைக்காரர்களுக்குப் பழகிப்போன இரும்புத் தகடுகளும் ஈரத்தில் எந்தப் பிரேக்குக்கும் இடம் தராது. அவற்றைத் தாண்டிய பிறகுதான் பிடிக்க வேண்டும்.

பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின்சக்கரத்தில் எடை கூடுவதால் பின்பிரேக்குக்கு வழக்கத்தைவிட அதிக வேலை செய்ய முடியும். ஆனாலும் முதன்மைப் பங்கு முன்பிரேக்குக்கே. ஒருபக்கமாக உட்கார்ந்து வருபவருக்குப் பிடிமானம் குறைவு என்பதால் சீராகப் பிடிப்பது இன்னும் முக்கியம்.

முன்பிரேக் மீதான இந்தப் பயத்தை அரசு சட்டத்தாலேயே ஓரளவு சரிக்கட்டியிருக்கிறது. 2018 ஏப்ரல் முதல் புதிய மாடல்களுக்கும் 2019 ஏப்ரல் முதல் எல்லா புதிய வண்டிகளுக்கும், 125 சிசிக்கு மேல் ஏ.பி.எஸ்., 125 சிசி வரை குறைந்தது சி.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டது. சி.பி.எஸ். உள்ள ஸ்கூட்டரில் இடது கை லீவரைப் பிடித்தாலே முன்பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். நம் கை செய்யத் தயங்குவதை ஒரு கேபிள் செய்துவிடுகிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் முன்பக்கத்துக்குப் போவது ஒரு பங்குதான். முழு பலமும் வேண்டுமென்றால் வலது கையும் சேர வேண்டும். ஏ.பி.எஸ். இன்னும் ஒரு படி மேலே. சக்கரம் நிற்கப்போவதைச் சென்சார் கண்டுகொண்டு, பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை விட்டு விட்டுக் கொடுக்கும். லீவர் கையில் துடிப்பது அப்போதுதான். பயந்து விட்டுவிடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இவை எதுவும் இல்லாத பழைய வண்டிகள் நம் தெருக்களில் ஏராளம்.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள் என்கிறது ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. இதில் பிரேக் பிடிக்கத் தெரியாததால் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஹெல்மெட், வேகம், லாரி, சாலை எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. ஆனாலும் இவ்வளவு பேரை இழக்கும் நாட்டில், லைசென்ஸ் கொடுக்க நாம் பார்ப்பது ஒருவர் காலை ஊன்றாமல் எட்டு போடுகிறாரா என்பதை. ஊர்ந்து போகும் வேகத்தில் சமநிலை தெரிகிறதா என்பதற்கு எட்டு நல்ல சோதனைதான். திடீரென்று நிறுத்தத் தெரிகிறதா என்பதை நடைமுறையில் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதற்கு நேராக 40 மீட்டர் இடம் இருந்தால் போதும். ஆர்.டி.ஓ. தேர்வில் இதைச் சேர்ப்பதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம், சுண்ணாம்புக் கோடு போதும்.

தேர்வில் சேரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை, மண் இல்லாத காலி இடம், ஹெல்மெட், ஷூ. ஹேண்டில் நேராக இருக்கட்டும். 20 கி.மீ. வேகத்தில் இரண்டு பிரேக்கையும் லேசாகத் தொடங்கி இறுக்கி நிறுத்திப் பாருங்கள். கை பழகிய பிறகு 30. அந்த வேகத்தில் பின்பிரேக் மட்டும் பிடித்தால் 11 மீட்டர், இரண்டையும் பிடித்தால் கணக்குப்படி 5 மீட்டர்; செங்கல்லை வைத்து அளந்துகொள்ளலாம். பிறகு நெரிசலில் போகும்போது வலது கையின் இரண்டு விரல்களை லீவரின் மேலேயே வைத்திருங்கள். விரல் லீவருக்குப் போய்ச்சேரும் கால் நொடி மிச்சமானால், 40 கி.மீ. வேகத்தில் அதுவே கிட்டத்தட்ட 3 மீட்டர்.