வாயுவை அறியும் ஒளியிழை

நிறமும் மணமும் அற்ற வாயு ஹைட்ரஜன். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே அது தீப்பற்றக்கூடியது. அதன் சுடரோ பகலொளியில் கண்ணுக்குப் புலப்படுவது அரிது. விண்கலங்களுக்கும் சில பேருந்துகளுக்கும் எரிபொருளாக விளங்கும் இவ்வாயு கசிந்தால் உடனே அறிதல் வேண்டும். ஆயின், கசிவை அறிய வைத்த மின்கருவியே பொறியை எழுப்பிவிட்டால் காவலே கேடாக முடியும். இவ்விடரைத் தவிர்ப்பதே ஒளியிழை உணரி.

தொலைபேசிச் செய்திகளைச் சுமந்து செல்லும் மெல்லிய கண்ணாடி இழையை நாம் அறிவோம். அதன் நுனியில் பல்லேடியம் என்னும் உலோகத்தை மென்படலமாகப் பூசுவர். இவ்வுலோகம் தன் பருமனைப் போலப் பல நூறு மடங்கு ஹைட்ரஜனை உறிஞ்சும் என்பதைத் தாமஸ் கிரகாம் 1866இல் வெளியிட்டார். பல்லேடியம் பூசிய ஒளியிழையால் ஹைட்ரஜனை அறியும் முறையை 1984இல் அமெரிக்க ஆய்வாளர் பட்லர் அறிவித்தார்.

இழைவழியே செல்லும் ஒளி, நுனியிலுள்ள படலத்தில் பட்டு, கண்ணாடியில் பட்டதுபோல் மீளும். படலம் ஹைட்ரஜனை உறிஞ்சியதும் அதன் ஒளித்தன்மை மாறி, மீளும் ஒளி குறையும். அக்குறைவே எச்சரிக்கை. காற்று தூய்மையுற்றதும் படலம் வாயுவை வெளிவிட்டுப் பழைய நிலையை அடையும்.

படலம் தடித்திருப்பின் வாயு உட்புகக் காலம் பிடிக்கும். பலமுறை விரிந்து சுருங்கினால் அது உரிந்துபோதலும் உண்டு. ஆதலால் நிக்கல், வெள்ளி முதலியவற்றைக் கலந்து உறுதியாக்குவர்.

மின்சாரம் தொலைவிலுள்ள அறையோடு நின்றுவிடுகிறது. ஆபத்துள்ள இடத்திற்குச் செல்வது ஒளி மட்டுமே. இவ்வுணரியின் சிறப்பு அதுவே.