பெருநாளைக்கு ஊருக்குப் போவது யார், கடையில் நிற்பது யார்?

நோன்பு இருபது கழிந்துவிட்டால் ஜவுளிக்கடைகளில் நிற்க இடம் கிடைப்பதில்லை. தராவீஹ் தொழுகை முடிந்ததும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவர். ஆண்டு வியாபாரத்தின் கணிசமான பங்கு அந்தப் பத்து இரவுகளிலேயே நடந்தேறும். சிப்பந்திகள் ஊருக்குப் போக விடுப்புக் கேட்பதும் அதே நாள்களில்தான்.

கேட்பவர் மீது குற்றமில்லை. மேலப்பாளையத்திலிருந்தோ இராமநாதபுரத்துக் கடலோர ஊர்களிலிருந்தோ சென்னைக்கு வந்து உழைக்கும் இளைஞன், பெருநாளன்று பெற்றோர் முகத்தில் விழிக்க விரும்புவது இயல்பே. ஆளின்றிக் கடை நடத்த முடியாதென முதலாளி தயங்குவதும் நியாயமே. இருவரும் இதைப் பற்றிக் கடைசி வாரத்தில் பேசத் தொடங்குகின்றனரே, அதில்தான் பிழை இருக்கிறது.

எப்போது பேசுவது? ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாள்களிலிருந்து 60 நாள்களாகக் குறைக்கப்பட்டது. நமது மாதக் கணக்கில் ஷஅபானும் ரமழானும் சேர்ந்தால் ஏறத்தாழ அதே அறுபது நாள். அதாவது, ஷஅபான் பிறை தென்படும் வேளையில் பெருநாள் பயணச்சீட்டு விற்பனைக்கு வந்துவிடும். ஆகவே ரஜப் மாதத்திலேயே விடுப்புப் பட்டியல் முடிவாகிக் கடைச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். நோன்பு இருபத்தைந்தில் கிடைக்கும் அனுமதி, சீட்டுக் கிடைக்காத பையனுக்கு எதற்குப் பயன்படும்?

முதலில் கேட்டவருக்கு முதலில் என்பது பலர் கையாளும் முறை. வாய்த்துணிவு உள்ளவனே அதில் ஆண்டுதோறும் வெல்கிறான். கேட்கக் கூசுபவன் ஆண்டுதோறும் கடையில் நிற்கிறான். முதலாளியின் உறவினருக்கு முதலிடம் என்பதோ அதனினும் கொடிது. சென்ற பெருநாளில் யார் போனார், யார் நின்றார் என்று ஒரு பதிவேட்டில் குறித்துவைத்து, நின்றவரை இவ்வாண்டு முதலில் அனுப்புவதே நேர்மை. உள்ளூர்க்காரரைப் பிறை இரவு வரை நிறுத்திக்கொண்டு, தொலைதூரத்தவரை இரண்டு நாள் முன்னதாக அனுப்பலாம். ஆயினும் உள்ளூரில் பிறந்த ஒரே காரணத்தால் எப்போதும் அவரே சுமை தாங்குவது முறையன்று; ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீண்ட விடுப்பை அவருக்குத் தரலாம்.

சட்டமும் சில உரிமைகளை வகுத்திருக்கிறது. தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இன்படி ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்குச் சம்பளத்துடன் 12 நாள் ஆண்டு விடுப்பு உண்டு. தேசிய, பண்டிகை விடுமுறைகள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு தேசிய நாள்களையும் ஐந்து பண்டிகை நாள்களையும் அளிக்கிறது. அந்நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும். அல்லது அன்றைய சம்பளத்துடன் வேறொரு நாள் சம்பள விடுமுறை தர வேண்டும். அந்த மாற்று நாளை அன்றே தேதியிட்டு எழுதிவிடுவது நல்லது. 'பிறகு பார்க்கலாம்' என்ற விடுப்பு பெரும்பாலும் வந்து சேர்வதில்லை.

பல ஊர்களில் ஓர் அழகிய வழக்கம் உண்டு. நமது பெருநாளில் இந்துச் சகோதரர்கள் கடையைக் கவனித்துக்கொள்வர். தீபாவளிக்கு அவர்கள் ஊர் செல்ல, நம்மவர் நிற்பர். இவ்வழக்கம் எல்லா ஆண்டும் கைகொடுப்பதில்லை. ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 11 நாள் குறைவானதால் பெருநாள் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2004, 2005, 2006 ஆகிய மூன்றாண்டுகளிலும் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து வந்தன. அப்போது இரு சாராருமே ஊருக்குப் போக வேண்டியிருந்தது. கணக்குப்படி 2032இல் பெருநாள் பொங்கலை ஒட்டி வரும். 2037 தொடங்கி மீண்டும் தீபாவளியை ஒட்டி வரும். அத்தகைய ஆண்டுகளில் கல்லூரி மாணவர்களைப் பருவ வேலைக்கு முன்கூட்டியே எடுத்துப் பழக்க வேண்டியிருக்கும். துணி மடிக்கக் கற்கவே ஒரு வாரம் ஆகும். பில் போடக் கற்க இன்னும் சில நாள் ஆகும்.