"கால் இருக்குத்தானே" என்று விட்டுவிடாதீர்கள்: அறுந்த முழங்கால் சவ்வும் நாண் ஒட்டுச் சத்திரசிகிச்சையும்

"கால் இருக்குத்தானே, பிறகென்ன?"

அல்லைப்பிட்டியில் என் அக்காவின் மகனுக்கு முழங்கால் வீங்கியிருந்தபோது, பார்க்க வந்த பெரியவர் ஒருவர் சொன்னது இது. அவர் கேலியாகச் சொல்லவில்லை. செல்லடியிலும் மிதிவெடியிலும் கால் போனவர்கள் ஜெய்ப்பூர் காலோடு நடந்து தொழில் செய்வதைப் பார்த்து வளர்ந்த சனம் நாங்கள். அந்த இடத்தில் இருபத்திரண்டு வயதுப் பெடியன் ஒருவன், உதைபந்தாட்டத்தில் முழங்கால் பிரண்டுவிட்டது என்று சொல்ல வெட்கப்படுவான். இவனும் வெட்கப்பட்டான். எண்ணெய் பூசிக் கட்டினார்கள். மூன்று கிழமையில் வீக்கம் வற்றியது. நாலாம் கிழமை தகப்பனோடு கடலுக்குப் போனான்.

இரண்டு மாதம் கழித்து, வள்ளத்திலிருந்து முழங்காலளவு தண்ணீரில் குதித்தவன் அப்படியே சரிந்து விழுந்தான். "சின்னம்மா, பெரிசா நோகேல்லை. ஆனா கால் என்ர சொல்லுக் கேக்குதில்லை" என்றான் தொலைபேசியில்.

அவனோடு வைத்தியசாலைக்கு அலைந்த மாதங்களில் நான் விளங்கிக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். இதே முழங்காலோடு "பரவாயில்லை" என்று நடந்து திரிபவர்கள் எங்கள் ஊர்களில் இன்னும் இருப்பார்கள்.

எது அறுகிறது?

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் முழங்காலில் சந்திக்கின்றன. மூட்டின் நடுவே இரண்டு நார்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டியபடி இரண்டு எலும்புகளையும் கட்டி வைத்திருக்கின்றன. அவற்றில் முன்பக்கத்து நார்தான் முன் சிலுவைச் சவ்வு. நீளம் ஏறக்குறைய மூன்று சென்ரிமீற்றர், விரலை விட மெல்லியது. கீழ்க்கால் எலும்பு முன்னால் வழுக்காமலும், காலைத் திருப்பும்போது மூட்டு விலகாமலும் பிடித்திருப்பது அதுதான்.

பெரும்பாலும் யாரும் இடிக்காமலே இது அறும். ஓடும்போது சட்டென்று திரும்பினாலோ, துள்ளி ஒற்றைக் காலில் இறங்கினாலோ போதும். "டொக்" என்று சத்தம் கேட்டதாகப் பலர் சொல்வார்கள். மூட்டுக்குள் இரத்தம் கசிவதால் சில மணித்தியாலங்களில் வீங்கும். உதைபந்தாட்டம் விளையாடும் பெடியளுக்கு மட்டுமல்ல, வலைப்பந்தாட்டம் விளையாடும் பெண்பிள்ளைகளுக்கும் இது வரும். ஒரே விளையாட்டை எடுத்துக்கொண்டால், ஆண்களை விடப் பெண்களுக்கே கூடுதலாக அறுகிறது.

வீக்கம் வற்றியதும் நேராக நடக்கலாம். ஏமாற்றுவது அதுதான். திரும்பும்போது, குதிக்கும்போது கால் கைவிடும். அப்படிக் கைவிடும் ஒவ்வொரு தடவையும் எலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு கிழியக்கூடும். அந்த மெத்தை போனால் நாற்பது வயதிலேயே மூட்டுத் தேய்வு வந்துவிடலாம்.

"உடம்பில் இரும்பு ஏதும் இருக்கா?"

அனுபவமுள்ள என்பியல் வைத்தியர் கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்த்தே சவ்வு அறுந்ததைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார். மெத்தையும் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. ஸ்கான் உதவும்.

ஸ்கானுக்கு முன் உடம்பில் இரும்பு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்கள். இவன் இல்லை என்றான். அக்காதான் இடைமறித்தாள். 2006 ஓகஸ்டில் புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் சனம் தஞ்சமிருந்தபோது செல் விழுந்தது. அந்த நாட்களில் இவனுக்கு வயது மூன்று. தொடையில் இறங்கிய துண்டை எடுக்காமலே காயம் ஆறிவிட்டது. அவனுக்கு அது நினைவிலேயே இல்லை.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் பெரும் காந்தம். உள்ளிருக்கும் இரும்புத் துண்டு நகரலாம், சூடேறலாம். கண்ணுக்குள்ளோ முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் ஆகியவற்றுக்கு அருகிலோ இருந்தால் ஆபத்து. அதற்காக ஸ்கான் எடுக்கவே முடியாது என்றில்லை. முதலில் எக்ஸ்ரே எடுத்து, துண்டு எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். இவனுக்கும் அப்படித்தான் செய்தார்கள். போர்க்காலத்தில் குழந்தைகளாக இருந்தவர்களுக்குத் தங்கள் உடம்பில் என்ன இருக்கிறது என்று தெரியாமலிருக்கலாம். தாய் தகப்பன்மாரே, பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

ஏன் தைக்காமல் ஒட்டு வைக்கிறார்கள்?

தோல் வெட்டுப்பட்டால் இரத்தம் உறைந்து இரண்டு பக்கத்தையும் சேர்க்கிறது. இந்தச் சவ்வு மூட்டுத் திரவத்துக்குள் இருப்பதால் அந்த உறைவு நிலைப்பதில்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ரொப்சன் 1895இல் அறுந்த சவ்வுகளைத் தைத்துப் பார்த்தார். முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917இல் பிரிஸ்டலின் ஹே குரோவ்ஸ், எலும்புகளில் துளையிட்டு, தொடையிலிருந்து எடுத்த நார்ப்பட்டையைக் கோர்த்துக் கட்டினார். இன்றும் அடிப்படை அதுதான். வேறுபாடு, மூட்டைத் திறக்காமல் சிறு துளைகளால் கமெராவை விட்டுச் செய்வது.

புதிய கயிறு நோயாளியின் உடம்பிலிருந்தே வருகிறது. தசையை எலும்போடு கட்டும் நாண்களில் மூன்று இடங்களைப் பயன்படுத்துகிறார்கள்.

ஒன்று, தொடையின் பின்தசை நாண்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே உள்பக்கத்தில் சிறிதாக வெட்டி, ஒன்றோ இரண்டோ நீள நாண்களை உருவி எடுத்து, நாலு பட்டாக மடித்துத் தைப்பார்கள். தொழிலாளி நூலை மடித்து முறுக்கிப் பலப்படுத்துவது போலத்தான். ஏறக்குறைய எட்டு மில்லிமீற்றர் தடிப்புக்கு வரும்.

இரண்டு, முழங்கால் சிரட்டைக்குக் கீழே உள்ள நாணின் நடுப்பகுதி. இரு முனையிலும் சிறு எலும்புத் துண்டோடு எடுப்பதால் துளைக்குள் எலும்போடு எலும்பு சீக்கிரம் பொருந்தும். ஆனால் பின்னர் முழந்தாளிடும்போது நோகலாம். கோயிலில் முழந்தாளிடுபவர்களும், குந்தியிருந்து தொழில் செய்பவர்களும் இதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மூன்று, சிரட்டைக்கு மேலே தொடையின் முன்தசை நாண். நல்ல தடிப்பானது. இப்போது கூடுதலாகப் பயன்படுத்தப்படுகிறது.

இவனுக்குப் பின்தசை நாணை எடுத்தார்கள். தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளையிட்டு, நாணைக் கோர்த்து இழுத்து, ஒரு பக்கம் சிறு உலோகப் பொத்தானாலும் மறுபக்கம் திருகாணியாலும் இறுக்கினார்கள்.

எல்லோருக்கும் வெட்டத்தான் வேண்டுமா?

இல்லை. சுவீடனில் 121 இளவயதினரிடம் செய்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு பகுதியினருக்கு உடனே சத்திரசிகிச்சையும் பயிற்சியும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் பயிற்சி மட்டும் கொடுத்து, தேவைப்பட்டால் பின்னர் வெட்டலாம் என்று விட்டார்கள். இரண்டு வருட முடிவில் இரு பகுதியினரின் முழங்கால் நிலையிலும் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. இரண்டாம் பகுதியினரில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த இரண்டு வருடத்தில் வெட்டாமலே சமாளித்தார்கள். மேசையில் இருந்து வேலை செய்பவருக்குப் பயிற்சியே போதுமாக இருக்கலாம். ஆடும் வள்ளத்தில் நின்று வலை இழுப்பவருக்குக் கணக்கு வேறு. பயிற்சி செய்தும் கால் கைவிட்டால், அல்லது மெத்தையும் கிழிந்திருந்தால், சத்திரசிகிச்சை பற்றிப் பேச வேண்டும்.

நோ போனபின் வரும் ஆபத்து

கோர்த்த நாண் உடனே சவ்வாகிவிடாது. அதன் பழைய இழையங்கள் நலிந்து, புதிய இரத்தக்குழாய்கள் உள்ளே வளர்ந்து, மெல்ல மெல்லத்தான் உருமாறும். ஆறாவது கிழமைக்கும் பன்னிரண்டாவது கிழமைக்கும் இடையில் அது மிகவும் பலவீனமாக இருக்கும். நோ குறைந்து, "சுகம் வந்திட்டுது" என்று தோன்றுவதும் அதே காலத்தில்தான். நோர்வேயில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முழங்கால் மீண்டும் காயப்படும் வீதம் 51 சதவீதம் குறைந்தது. 2023 ஒக்ரோபர் 17இல் சவ்வறுந்த நெய்மார் மீண்டும் ஆட வந்தது 2024 ஒக்ரோபர் 21இல்.

நெய்மார் வீட்டில் ஒரு வருடம் இருந்தாலும் அடுப்பு எரியும். எங்கள் வீடுகளில் அப்படியல்ல. பிசியோ என்று நாம் சொல்லும் இயன்மருத்துவப் பயிற்சிக்குப் பண்ணைப் பாலம் தாண்டிப் போய்வர ஒரு நாள் போய்விடும். காலை முழுதாக நீட்டுவதும் தொடைத் தசையைத் திரும்பக் கட்டுவதும் அந்தப் பயிற்சியில்தான் இருக்கிறது. அது தவறினால் நல்ல ஒட்டும் விறைத்த காலில்தான் முடியும். ஆகவே திகதி எடுக்கும் முன்பே வீட்டில் கதையுங்கள்: ஒன்பது மாதம் வள்ளத்தில் இவனது இடத்தில் யார் நிற்பது? பயிற்சிக்கு யார் கூட்டிப்போவது? வைத்தியரிடமும் கேளுங்கள்: எந்த நாணை எடுக்கிறீர்கள், ஏன்? பொத்தான், திருகாணி நாங்கள் வாங்க வேண்டுமா?

இப்போது இவனுக்கு ஐந்தாம் மாதம். போன கிழமை, வள்ளத்தில் சும்மா ஏறி இருக்கட்டுமா என்று கேட்டான். நான் மறுமொழி சொல்ல முதல், அந்தப் பெரியவரே குறுக்கிட்டார்: "இன்னும் நாலு மாசம் கிடக்கு. பேசாமல் இரு."